தொப்பி விற்றவரின் கண்டி

கண்டி இராச்சியத்தைப் பற்றிப் படிக்க ஒரேயொரு புத்தகம் சொல்லுங்கள் என்றால், ஒரு வெள்ளைக்காரக் கைதி எழுதியதைத்தான் சொல்வேன். ராபர்ட் நொக்ஸ் 1681இல் லண்டனில் வெளியிட்ட இலங்கைத் தீவின் வரலாறு அது. புயலில் சேதமான 'ஆன்' என்ற கப்பல், பாய்மரம் மாற்றுவதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வந்து கப்பல் தலைவரையும் அவர் மகன் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனுக்கு அப்போது வயது 19. கண்டியை விட்டுத் தப்ப அவருக்கு இன்னொரு 19 வருஷம் பிடித்தது.

சிறையென்று தனியாக ஒன்றும் கிடையாது. கைதிகளை ஊர் ஊராகப் பிரித்துவிட்டான் அரசன்; சோறு போடுவது ஊராரின் கடமை. தகப்பன் பண்டார கொஸ்வத்தையில் காய்ச்சலில் இறந்துபோக, மகனே குழி வெட்டிப் புதைத்தார். பிறகு தொப்பி பின்னப் பழகினார். பின்னியதைச் சுமந்து விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், உடுநுவரைப் பக்கத்து எலதெத்தவில் 25 லாரின் கொடுத்துக் காணியும் வாங்கினார். ஒரு முதியவரிடம் இருந்த ஆங்கில வேதாகமம் கைக்கு வந்ததும் ஒரு தொப்பிக்கு ஈடாகத்தான்.

அவருடைய எழுத்தின் ருசி இந்தத் தொழிலில் இருந்து வந்தது என்பது என் கணிப்பு. நடந்து விற்கிறவனுக்கு விலை, தூரம், சோறு கிடைக்கும் வீடு, வழியில் உள்ள தொல்லை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மலையழகை அவர் வர்ணிக்க மாட்டார். அட்டையைப் பற்றி எழுதுவார். ஒரு துணியில் எலுமிச்சைத் துண்டும் உப்பும் முடிந்து, கம்பு நுனியில் கட்டிக் காலில் தட்டிக்கொண்டே சிலர் நடப்பார்களாம். வேறு சிலர் கூராகச் சீவிய நாணலால் வழித்துவிடுவார்கள். வழிக்க வழிக்க ஏறுவதால் பெரும்பாலானோர் கடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு சாம்பலைப் பூசித் தேய்த்து ஒரேயடியாக உதிர்ப்பார்கள். மழைநாளில் நக்கிள்ஸ் பக்கம் ஏறியவர்கள் இந்தப் பத்தியைச் சிரிக்காமல் வாசிக்க முடியாது.

எல்லைக் காவலை விவரிக்கும் இடமும் அப்படித்தான். அரசன் பாதைகளை அகலப்படுத்த விடவில்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். கணவாய்களில் முள்ளால் கட்டிய கதவுகள், இரவுபகலாகக் காவல். இன்று கொழும்பிலிருந்து வரும் பஸ் நிற்கிற கடவத்தை என்ற பெயருக்கும் அப்படியொரு வாசல் என்றுதான் பொருள். கடக்கிறவரிடம் களிமண்ணில் பதித்த முத்திரை இருக்க வேண்டும், ஆளுக்கு ஒன்று. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டியோடு ஒரு மனித உருவம். கூலியாளுக்குக் காவுதடியும் இரு முனையிலும் பையும். வெள்ளைக்காரனுக்கு இடுப்பில் வாள், தலையில் தொப்பி. எழுத்தறியாத காவலனும் பார்த்த மாத்திரத்தில் ஆளைப் பொருத்திக்கொள்ளலாம். இராச்சியத்தின் நிர்வாகத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்றாசிரியர் காட்டியிருக்கிறார்?

எனக்கு மிகவும் பிடித்தது ஊர் விளையாட்டைப் பற்றிய பகுதி. பத்தினித் தெய்வத்தின் பெயரால் ஊர் இரண்டு கட்சியாகப் பிரியும். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றிலொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை இரு பக்கமும் இழுப்பார்கள். வென்ற கட்சி ஆட்டமும் பாட்டும் ஆபாசமுமாகக் கூத்தடிக்கும். நொக்ஸுக்கு இது அருவருப்பு. ஆனாலும் கண்ணை மூடிக்கொள்ளாமல் எழுதிவைத்தார். மட்டக்களப்பார் இதை வாசித்தால் உடனே கண்டுகொள்வார்கள்: கண்ணகியம்மன் சடங்கில் வடசேரியும் தென்சேரியும் மோதும் கொம்புமுறியேதான். இன்றும் கண்டியில் ஒரு மாலை விளையாட்டு மைதான ஓரத்தில் நின்று, எதிர்க் கட்சியின் தாய் தகப்பன்வரை இழுத்துத் திட்டுகிற பெரியவர்களைக் கேட்டால், பத்தினி தேவாலயத்து ஊரில் அந்தக் கூத்து இன்னும் ஓயவில்லை என்று புரியும்.

தப்பித்த கதையைக் கெடுக்காமல் கொஞ்சம் சொல்கிறேன். 1679 செப்டெம்பர் 22இல் சக கைதி ஸ்டீபன் ரட்லண்டுடன் சரக்கைச் சுமந்து வடக்கே புறப்பட்டார். வழியில் ஒளியாமல் அதிகாரியின் வீட்டுக்கே போய், மான் வற்றல் வாங்க வந்தோம் என்று உட்கார்ந்துவிட்டார்! பிறகு அநுராதபுரம், அதன்பின் மல்வத்து ஓயா, அதாவது நம் அருவியாறு. அப்பால் கைலாய வன்னியனின் தமிழ் நாடு. பிடித்து அரசனிடம் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அங்கும் பயந்தபடி காட்டைக் கடந்து, ஒக்டோபர் 18இல் அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய வரைபடத்தில் வன்னியனின் நாடு தனியாகப் பெயரிட்டுக் குறிக்கப்பட்டிருக்கிறது.

குறைகளும் உண்டு. சமயத்தைப் பற்றிப் பேசும்போது அவர் வெறும் பிரசங்கி. அரசனைக் கொடுங்கோலன் என்று திட்டுகிற பக்கங்கள், கைதியின் கோபத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டியவை. இதைவிடக் கசப்பானது பிந்திய கதை: பத்தொன்பது வருஷம் சுதந்திரமின்றிக் கிடந்தவர், கப்பல் தலைவராகி அடிமைகளை வாங்க மடகஸ்கார் போனார்.

முன்னுரை எழுதியவர் விஞ்ஞானி ராபர்ட் ஹூக். டானியல் டீஃபோ தன் நாவலொன்றில் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டார்.

புத்தகம் நான்கு பாகம். முதலிலிருந்து தொடங்காதீர்கள், விளைபொருள் பட்டியலில் சோர்ந்துபோவீர்கள். நாலாம் பாகத்தில் அவரோடு நடந்துவிட்டு, மூன்றாம் பாகத்தில் ஊருக்குள் நுழையுங்கள்.