களத்தில் இல்லாதவரையும் கவனியுங்கள்

ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அணிப் போட்டி 2014இல் சோச்சியில்தான் முதன்முதலாக நடந்தது. அதை ரசிக்க விரும்புகிறவர்கள் தாவலுக்கும் சுழலுக்கும் முன்னால், எந்த நாடு யாரை இறக்குகிறது என்ற பெயர்ப் பட்டியலைப் படிக்க வேண்டும் என்பேன். ஆண்கள், பெண்கள், ஜோடி, ஐஸ் டான்ஸ் என நான்கு பிரிவுகள். குறுஞ்சுற்றில் பத்து நாடுகள் ஆடும். முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாம் இடத்துக்கு 1. மொத்தத்தில் முந்தும் ஐந்து நாடுகள் மட்டும் நெடுஞ்சுற்றுக்குப் போகும். அங்கே 10 முதல் 6 வரை. இரு சுற்றுகளுக்கும் இடையில் அதிகபட்சம் இரண்டு பிரிவுகளில் ஆளை மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நடுவர் தரும் மதிப்பெண் வேறு, அணிக்குச் சேரும் புள்ளி வேறு. 2018இல் பியாங்சாங்கில் நடந்த ஆண்கள் குறுஞ்சுற்றை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் ஷோமா உனோ பெற்றது 103.25, இரண்டாவதாக வந்த இஸ்ரேலின் அலெக்ஸி பைசென்கோ பெற்றது 88.49. ஏறக்குறைய 15 மதிப்பெண் இடைவெளி, அணிக்கணக்கில் ஒரே ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. மூன்றாம் இடத்துக் கனடியர் பாட்ரிக் சானுக்கும் நான்காம் இடத்து அமெரிக்கர் நேதன் சென்னுக்கும் இடையே இருந்தது சுமார் ஒரு மதிப்பெண்தான். அதற்கும் அதே ஒரு புள்ளி. ரஷ்ய வீரர் மிகைல் கோல்யடா எட்டாம் இடத்துக்குச் சரிந்து 3 புள்ளியோடு நின்றார். ஆகவே ஒரு நட்சத்திரம் எவ்வளவு உயரம் பறக்கிறார் என்பதைவிட, அவருக்குப் பதிலாக வரக்கூடியவரைக் காட்டிலும் எத்தனை இடம் மேலே வருவார் என்பதே தேர்வாளரின் கேள்வி. மாற்றும் வாய்ப்பை அந்த வித்தியாசம் குறைவாக உள்ள பிரிவில் செலவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சோச்சியில் ரஷ்யா ஜோடியிலும் ஐஸ் டான்ஸிலும் ஆட்களை மாற்றித் தங்கம் வென்றது. களமிறங்கியவர்களுக்கு மட்டுமே பதக்கம் என்பதால் அது பத்துப் பேர் கழுத்தில் ஏறியது. பியாங்சாங்கில் கனடா மாற்றியது பெண்கள் பிரிவில் மட்டும்: குறுஞ்சுற்றில் கேட்லின் ஆஸ்மண்ட், நெடுஞ்சுற்றில் கேப்ரியல் டேல்மன். இருவருமே மூன்றாம் இடம், இருவருமே 8 புள்ளி. ஆளை மாற்றியும் அணி எதையும் இழக்கவில்லை. ஆஸ்மண்டுக்கு ஓய்வு கிடைத்தது, பின்னர் தனிநபர் போட்டியில் அவர் வெண்கலம் வென்றார். இப்படி ஒரு தேர்வைப் பார்க்கும்போது நல்ல தாவலைப் பார்த்த நிறைவு வருகிறது.

நாட்டின் பெயரில் ஆடும்போது சிறந்தவரை ஒளித்துவைப்பது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அணிப் போட்டி முடிந்த சில நாளிலேயே தனிநபர் போட்டி தொடங்கிவிடும், உடம்பு ஒன்றுதான். சோச்சியில் எவ்கெனி புளுஷென்கோ இரண்டு சுற்றும் ஆடினார். நான்கு நாள் கழித்துத் தனிநபர் குறுஞ்சுற்றுக்கான பயிற்சியிலேயே முதுகுவலி தாங்காமல் விலகினார். ரஷ்யாவுக்கு ஆண்கள் பிரிவில் இருந்த ஒரே இடம் அது. பதினைந்து வயது யூலியா லிப்னிட்ஸ்காயா அணிக்காக இரண்டு சுற்றிலும் முதலிடம் பிடித்தார், தனிநபரில் ஐந்தாவதாக வந்தார். அணியில் ஆடாத அடெலினா சோட்னிகோவா தங்கம் வென்றார். இதையே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பியாங்சாங்கில் கனடாவின் ஐஸ் டான்ஸ் இணை டெசா வெர்ச்சூவும் ஸ்காட் மோயரும் அணிக்காக இரண்டு சுற்றும் ஆடி, தங்கள் பிரிவிலும் தங்கம் வென்றார்கள். யாருக்கு எது தாங்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடியாததால்தான் இந்தத் தேர்வு கணக்கோடு முடிந்துவிடுவதில்லை.

கணக்கு கலையைக் கொன்றுவிடும் என்பாரும் உண்டு. காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து பாருங்கள். பியாங்சாங்கில் பெண்கள் நெடுஞ்சுற்று முடிந்தபோது கனடா 63, ரஷ்ய வீரர்கள் 58. மிச்சம் ஐஸ் டான்ஸ் மட்டும். கடைசி இடம் வந்தாலும் கனடாவுக்கு 69. எதிரணி முதலிடம் பிடித்தாலும் 68. தங்கம் உறுதியாகிவிட்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெர்ச்சூ, மோயர் ஆட்டத்தை ஆட்டமாகவே பார்க்கலாம். வெல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத அந்த நிமிடங்களிலும் அவர்கள் முதலிடம் பிடித்தார்கள்.