எசமானின் தூரிகையும் அடிமையின் பார்வையும்

உருவப்படங்களை, ஓவியருக்கும் அமர்ந்தவருக்கும் இடையிலான நட்பின் சான்றாகப் போற்றுவது கலைத் திறனாய்வாளர்களின் வழக்கம். ஸ்பானிய ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ் 1650இல் ரோம் நகரில் தீட்டிய ஹுவான் தெ பரேஹாவின் படமும் இவ்வாறே போற்றப்பட்டு வந்துள்ளது. ஆயின், படத்தில் இருப்பவர் ஓவியரின் தோழரல்லர், விலைக்குரிய அடிமை.

பரேஹா, ஒருகாலத்தில் அந்தலூஸின் பகுதியாயிருந்த அந்தகேராவில் பிறந்தவர். அவர் மொரிஸ்கோ மரபினராகலாம் எனக் கருதும் ஆய்வாளர்களும் உளர். 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவர் சிறுவர்.

படத்தில் அடிமைத்தனத்தின் அடையாளம் எதையும் நாம் காண்பதில்லை. அகன்ற வெண்ணிறக் கழுத்துப்பட்டை, மார்புக்குக் கீழே மடித்த கை, நம்மை நேர்நின்று அளக்கும் கண்கள். பரேஹாவே இப்படத்தை ஏந்திச் சென்று நண்பர்களிடம் காட்டியதாகவும், படத்தோடு பேசுவதா, ஆளோடு பேசுவதா என அவர்கள் திகைத்ததாகவும் பலோமினோ 1724இல் எழுதினார். 1650 மார்ச்சில் அது பாந்தியனில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

பரேஹா மறைவாகத் தீட்டிய ஓவியத்தைக் கண்டு மன்னர் நான்காம் பிலிப்பே அவரை விடுவிக்கச் செய்தார் என்ற கதையும் பலோமினோ தந்ததே. ரோம் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த விடுதலைப் பத்திரமோ வேறு செய்தி கூறுகிறது. அதில் ஒப்பமிட்டவர் வெலாஸ்கெஸ். நாள் 1650 நவம்பர் 23. நான்கு ஆண்டுகள் தப்பியோடாமலும் குற்றம் புரியாமலும் பணியாற்றினால்தான் விடுதலை.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஒரு மனிதனின் கண்ணியத்தை இவ்வளவு துல்லியமாகக் கண்ட கண், அவனை உடைமையாக வைத்திருப்பதில் முரண்பாட்டைக் காணவில்லையா? படம் காட்சிக்கு வந்தபின் எட்டு மாதங்கள் கழித்தே பத்திரம் எழுதப்பட்டது; அதிலும் நிபந்தனை நீங்கவில்லை. மறுக்கும் உரிமை ஒருவருக்கே இருக்கும் உறவை நட்பு என்றழைப்பது அச்சொல்லுக்கே இழுக்காகும். அதற்காக இவ்வோவியத்தின் மதிப்பு குறைந்துவிடாது. கலைஞரின் கை அவருடைய மனச்சான்றையும் முந்திச் சென்றது என்பதே நமது மதிப்பீடு.

இப்படம் 1970இல் இலண்டனில் 23,10,000 பவுனுக்கு ஏலம் போய், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தை அடைந்தது. ஆனால் பரேஹாவின் மறுமொழி மத்ரீதின் பிராதோவில் இருக்கிறது. 1661இல், விடுதலை பெற்றவராக, அவர் தீட்டிய 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தின் இடது ஓரத்தில் அவரே நிற்கிறார்; கையிலுள்ள தாளில் அவர் பெயர். இம்முறை அவரைத் தீட்டியது அவருடைய கையே.