பத்தின் அடுக்குகள்: அளவைக் காட்டி விசையை மறந்த படம்

அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1977ஆம் ஆண்டில் 'பத்தின் அடுக்குகள்' என்னும் குறும்படத்தை உருவாக்கினர். ஒன்பது நிமிடமே ஓடும் இப்படத்துக்கு இணையான அறிவியல் படங்கள் மிகச் சிலவே. ஆயினும் இதைக் கண்ட என் மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இப்படத்தில் விடை இல்லை. அந்தக் குறையை வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

சிக்காகோ நகரின் ஏரிக்கரைப் பூங்காவில் ஒருவர் படுத்து உறங்குகிறார். ஒரு மீட்டர் அகலமுள்ள அக்காட்சி பத்து நொடிக்கு ஒருமுறை பத்து மடங்கு விரிகிறது. நகரம், பூமி, சூரியக் குடும்பம், பால்வீதி ஆகியவற்றைக் கடந்து 10²⁴ மீட்டரில் நிற்கிறது. பிறகு விரைவாகத் திரும்பி, உறங்குபவரின் கைத்தோலுக்குள் நுழைகிறது. செல், டி.என்.ஏ., கார்பன் அணு, அணுக்கரு எனச் சுருங்கி, 10⁻¹⁶ மீட்டரில் புரோட்டானுக்குள் முடிகிறது.

இப்படத்தின் சிறப்பை முதலில் சொல்ல வேண்டும். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல எலெக்ட்ரான்கள் உருண்டைகளாகச் சுற்றும் தவறான காட்சி இதில் இல்லை. எலெக்ட்ரான்கள் புள்ளிகளாலான முகிலாகவே தோன்றுகின்றன. முகிலைத் தாண்டியபின் அணுக்கரு தென்படும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அணுவுக்குள் எவ்வளவு வெறுமை என்பதை அந்தக் காத்திருப்பே உணர்த்திவிடுகிறது.

இங்கேதான் மாணவரின் கேள்வி எழுந்தது: "அணுவுக்குள் இவ்வளவு வெற்றிடம் என்றால், என் கை ஏன் மேசைக்குள் புகுந்துவிடவில்லை, ஐயா?"

நியாயமான கேள்வி. படம் ஒவ்வொரு படியிலும் பொருள்களின் அளவைக் காட்டுகிறது; அவற்றைப் பிணைத்து வைத்திருப்பது எது என்பதைக் காட்டவில்லை. கையின் எலெக்ட்ரான்களும் மேசையின் எலெக்ட்ரான்களும் ஒன்றையொன்று விலக்குகின்றன. இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது என்பது பௌலி 1925இல் கண்ட விதி. இவ்விரண்டும் சேர்ந்தே கையைத் தடுக்கின்றன. 'வெற்றிடம்' என்று தோன்றும் இடம் உண்மையில் காவலுள்ள இடம்.

அணுக்கருவுக்கு வருவோம். கார்பன் அணுக்கருவில் ஆறு புரோட்டான்கள் நெருங்கியிருப்பதைப் படம் காட்டுகிறது. 2 × 10⁻¹⁵ மீட்டர் இடைவெளியில் இரு புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசை ஏறத்தாழ 58 நியூட்டன்; அதாவது 6 கிலோகிராம் எடைக்குச் சமம்! ஒரு புரோட்டானின் நிறையோ 1.67 × 10⁻²⁷ கிலோகிராம். இத்தகைய தள்ளலை மீறி அணுக்கரு சிதறாமலிருப்பதற்குக் காரணம், மிகக் குறுகிய தொலைவில் மட்டும் செயல்படும் வலிமைமிகு அணுக்கரு விசை. இயற்கையின் மிகப் பெரிய வியப்புகளுள் ஒன்றை, உருண்டைகளின் குவியலாக மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறோம்.

புரோட்டான்களுக்கு இடையே ஈர்ப்பு விசை மின்விசையைவிட ஏறத்தாழ 10³⁶ மடங்கு மெலிந்தது. அப்படியிருந்தும் படத்தின் முற்பகுதியில் பூமியையும் பால்வீதியையும் ஆள்வது ஈர்ப்புதான். பெரிய பொருள்களில் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. ஈர்ப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. அளவு மாறும்போது ஆளும் விசையும் மாறுகிறது. இந்தப் பாடத்தைக் கற்பிக்க இதைவிட ஏற்ற படம் ஏது? வாய்ப்பு நழுவிவிட்டது.

நான்காவதான வலிமை குறைந்த அணுக்கரு விசையின் எல்லை சுமார் 10⁻¹⁸ மீட்டர். படம் நிற்குமிடத்துக்கும் கீழே. அவ்விசையைக் கடத்தும் துகள்கள் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் 1983இல்தான் கண்டறியப்பட்டன. அவற்றைக் காட்டவில்லை என்று 1977இல் எடுத்த படத்தைக் குறைகூற முடியாது. ஆனால் அவ்விசையின் செயல் அதே கையிலேயே நடக்கிறது. படம் தேர்ந்தெடுத்தது நிலையான கார்பன்-12. கையில் மிகச் சிறிதளவு கார்பன்-14உம் உண்டு. அது இவ்விசையால் சிதைந்து நைட்ரஜனாகிறது.

எனவே வாசகரே, இப்படத்தை அவசியம் பாருங்கள். ஆசிரியராயின் மாணவர்களுக்குக் காட்டுங்கள். ஆனால் பூமி, கை, அணுக்கரு ஆகிய மூன்று இடங்களில் படத்தை நிறுத்தி, "இங்கே ஆள்வது எந்த விசை?" என்று கேளுங்கள். படம் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றே.