ஏணிக்கு மேலே தாராவி

மும்பையின் சயான் குன்றின் மேலிருக்கும் கோட்டை 1669-க்கும் 1677-க்கும் நடுவே, ஜெரார்ட் ஆன்ஜியர் ஆளுநராக இருந்தபோது எழும்பியது. கழிக்கு அந்தப் பக்கம் சால்செட் தீவு அப்போது போர்த்துக்கீசியர் வசம். எல்லைக் காவலுக்கென்று கட்டிய அந்தக் கோட்டைக்குப் பக்கத்துச் சதுப்பில்தான் பிற்பாடு தாராவி வளர்ந்தது. இன்று அதன் பரப்பு 2.39 சதுர கிலோமீட்டர் என்கிறார்கள். அதற்குள் எத்தனை அடுக்கு என்பதில்தான் எழுதியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

மண் அடுக்கைச் சட்டென்று சொல்லிவிடலாம். அடியில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை, அதன்மேல் கழிச் சேறு, அதற்கும் மேலே குப்பை, தென்னையோலை, இடிபாடு. கோலி மீனவர்கள் மீன் பிடித்த நீர்நிலையைக் குடியேறியவர்களே தூர்த்துத் தரையாக்கினார்கள்.

மக்கள் அடுக்கைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1887-ல் முதல் தோல் பதனிடும் கூடம் வந்தது. அந்தத் தொழிலைத் தேடி வந்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். 1930-களில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள் தாராவியின் கும்பார்வாடாவுக்கு இடம் மாறினார்கள். தோல் தந்துவந்த இறைச்சிக்கூடம் 1971-ல் பாந்திராவிலிருந்து தேவனாருக்குப் போனது. பதனிடும் வேலையும் மெல்ல மெல்ல வெளியேறியது. பை, பெல்ட், பர்ஸ் தைப்பவர்கள் மட்டும் இடத்தை விடவில்லை. பத்திரிகையாளர் கல்பனா சர்மாவின் 2000-ஆம் ஆண்டு நூல் இந்தக் கதைகளை வீடு வீடாகக் கேட்டு எழுதியது. சமூகவியலாளர் லைசா வைன்ஸ்டீனின் 2014 நூல் வேறு கேள்வி கேட்டது: உலகச் சந்தைக்கு ஆசைப்படும் நகரத்தின் நடுவில் இது எப்படி இடிபடாமல் நிற்கிறது? இரண்டும் நல்ல நூல்கள்தாம். ஆனால், இன்றைய சண்டை உயரத்தைப் பற்றியது.

சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் விளங்கும். பத்துக்குப் பத்து அறை. அதன் தலைமேல் ஒரு மாளா, அதாவது மேல்தள அறை. ஏறுவதற்கு வெளிச்சுவரில் செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் நைலான் கயிறு. தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் அதன் வழியாகத்தான் போகும். மாளாவில் வாடகைக்குடித்தனம் இருக்கலாம், கல்யாணமான மகன் இருக்கலாம், நாலு தையல் மெஷின் ஓடலாம்.

அரசின் மறுசீரமைப்புத் திட்டம் இந்த ஏணியைத்தான் கோடாக எடுத்துக்கொண்டது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்த தரைத்தளக்காரருக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மேல்தளத்துக்காரர் 2022 நவம்பர் 15-க்கு முன்பிருந்தே இருந்தாலும் வெளியேதான், வாடகைத் தவணை முறையில்.

இலவச வீடென்ற தலைப்புச் செய்தி இந்த மூன்றாவது வரியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. அப்பா தரையிலும் மகன் மாளாவிலும் இருந்தால், ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது எல்லாம் அப்பா பெயரில்தான் இருக்கும். மகன் தனிக்குடித்தனம் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? நிரூபித்துவிட்டாலும், தாராவியின் 90 ஃபீட் ரோட்டு வாடிக்கையை நம்பித் தைப்பவனுக்கு வெளியே கிடைக்கும் 300 சதுர அடி படுக்கத்தான் உதவும். அந்த ‘வெளியே’ எது என்பதற்கு இதுவரை அடிபடும் பெயர்களில் முலுண்ட் உப்பளமும் தேவனார் குப்பைக் கிடங்கு நிலமும் உண்டு.