ஹேங் ஆகும் கவர்மென்ட் லேப்டாப்: ஃபார்மட் அடிக்கும் முன்

மண்டகப்பட்டில் இருக்கும் அக்கா மகளின் லேப்டாப்பில் குரோமைத் திறந்து நாலைந்து டேப் போட்டால் போதும். கர்சர் வட்டமாகச் சுற்றும், பக்கம் வெளுத்துப்போகும், தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். "நெட் சரியில்ல மாமா, இங்க டவர் அப்படித்தான்" என்பது அவள் முடிவு. "வைரஸ் ஏறியிருக்கு, ஃபார்மட் அடிச்சுடலாம்" என்றாராம் செஞ்சியில் ஒரு சர்வீஸ் கடைக்காரர். நெட்டும் காரணமில்லை, வைரஸும் காரணமில்லை. ஃபார்மட் அடித்திருந்தால் கொஞ்ச நாள் நன்றாக ஓடி, பழையபடி நின்றிருக்கும்.

பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த லேப்டாப் அது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். பல கம்பெனிகள், பல மாடல்கள். இவளுடையது கடைசிச் சுற்றில் வந்தது: இரண்டு கோர் பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். வந்த காலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெஷின் அப்படியேதான் இருக்கிறது. அதன்பிறகு வெப்சைட்டுகள்தான் கொழுத்துவிட்டன.

இப்போது அவள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். ஒரு டேபில் பாடக்குறிப்பு, ஒன்றில் மாதிரித் தேர்வு, ஒன்றில் யூடியூப் வகுப்பு, ஒன்றில் செய்தித்தாள். நான் உட்கார்ந்தபோது திரையில் உறைந்து நின்ற கேள்வி, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் எது என்பது. விடை அவள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 'மண்டகப்பட்டு' என்ற பட்டனை அழுத்திவிட்டு நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுவும் மெதுவாகத்தான் திறந்தது. அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் போனால் நோய் கண்ணுக்கு முன்னால் நிற்கும். சிபியு பாதிகூட வேலை செய்யவில்லை. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. டிஸ்க் 100. ஆனால் அந்த 100-க்குக் கீழே படிக்கும் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி. ஹார்ட் டிஸ்க் முழு மூச்சாக உழைக்கிறது, கொண்டுவந்து கொடுப்பதோ கையளவு. இந்த மூன்று எண்களையும் ஒன்றாகப் பார்த்துவிட்டால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

ஏன் இப்படி? 4 ஜிபியில் திரையைக் காட்டும் கிராஃபிக்ஸ் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. விண்டோஸும் அதன் டிஃபெண்டரும் இன்னொரு பெரிய பங்கு. மிச்சத்தில் பிரௌசர். குரோம் தனித்தனி சைட்டைத் தனித்தனி பிராசஸாக ஓட்டுகிறது. 2018 ஜனவரியில் 'ஸ்பெக்டர்' என்ற பிராசஸர் ஓட்டை வெளியே வந்தபிறகு, ஒரு சைட் இன்னொரு சைட்டின் நினைவகத்தை எட்டிப் பார்க்காமல் இருக்க அந்தச் சுவரை இன்னும் உயர்த்தினார்கள். குரோம் 67-ல் வந்த அந்த மாற்றத்தால் மெமரி செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. பாதுகாப்புக்கு நல்லது, 4 ஜிபிக்குக் கஷ்டம்.

ரேம் நிரம்பினால் விண்டோஸ் பழைய டேபின் சமாச்சாரத்தை ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற இடத்தில் இறக்கி வைக்கும். நீங்கள் அந்த டேபுக்குத் திரும்பும்போது மறுபடி ஏற்றும். சங்கடம் அங்கேதான். இந்த வகை லேப்டாப்பில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும். வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லிசெகண்ட். அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு பத்துக்கும் மேல். ஆக, அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு நூறு தடவைகூட அதனால் எடுக்க முடியாது. ஒரு துண்டு 4 கேபி என்றால் நொடிக்கு 400 கேபிக்கும் கீழே. 200 எம்பி பிடித்த ஒரு டேபை அப்படித் துண்டு துண்டாகத் திரும்பக் கொண்டுவந்தால் எட்டு நிமிஷம் தாண்டும். விண்டோஸ் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைச் சேர்த்து எடுப்பதால் அவ்வளவு ஆகாது; ஆனாலும் நன்றாகவே காக்க வைக்கும். அதைத்தான் ஊரில் 'ஹேங்' என்கிறார்கள்.

எல்லா ஹேங்கும் இதுதான் என்று சொல்லவில்லை. நெட்மேல் சந்தேகம் என்றால், பக்கம் நிற்கும்போதே லேப்டாப்பில் சேமித்து வைத்த ஒரு பிடிஎஃபைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கத் திணறினால் டவரைத் திட்டுவதில் நியாயமில்லை. எதுவுமே அசையாதபோது கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது, காத்திருக்கலாம். விளக்கும் அசையாமல், பாட்டின் ஒரே துணுக்கு திரும்பத் திரும்பக் கேட்டால் அது ரேம், டிரைவர், சூடு இந்தப் பக்கத்து நோய்.

சூடு இந்த ஊரில் சும்மா விடுகிற விஷயம் இல்லை. செஞ்சிப் பக்கத்துக் கரும்பாறைகள் பகலெல்லாம் வெயில் குடித்து ராத்திரி வரை விடும். அறுவடைக் காலத்தில் நெல் தூசு வேறு. டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகத்தைப் பாருங்கள்: வேலை இருக்கும்போதும் அதன் அடிப்படை வேகத்துக்கு வெகு கீழே ஒட்டிக்கொண்டு நின்றால், மெஷின் சூட்டுக்குப் பயந்து தன்னைத்தானே அடக்கிக்கொண்டிருக்கிறது. அக்கா மகள் அதைப் படுக்கைமேல் வைத்துத்தான் படிப்பாள். காற்று உள்ளே போகும் ஓட்டையே அடியில்தான் இருக்கிறது.

காசு செலவில்லாமல் முதலில் என்ன செய்ய முடியும் என்று பார்த்தோம். குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் அதற்கே ஒரு தனி டாஸ்க் மேனேஜர் உண்டு. எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். யூடியூப்தான் முதலில் நிற்கும் என்று நினைத்தேன். நின்றது செய்தி சைட். தானாக ஓடும் வீடியோ விளம்பரம், மூலையில் மிதக்கும் பெட்டி, கீழே இன்னொன்று. எப்போதோ சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் நான்கைந்து இருந்தன: கூப்பன் தேடுவது, பிடிஎஃப் மாற்றுவது, அவளுக்கே ஞாபகமில்லாத ஒன்று. எல்லாம் போயின. 'உங்கள் கணினி ஆபத்தில்' என்று மூலையில் எட்டிப் பார்த்தது வைரஸ் இல்லை. எந்தச் சைட்டிலோ நோட்டிஃபிகேஷனுக்கு 'அலவ்' கொடுத்ததன் பலன். செட்டிங்கில் அதை நிறுத்தினால் போய்விடும். அதைப் பார்த்துப் பயந்து ஏற்றிய 'பிசி கிளீனர்' ஒன்றும், காலாவதியான ஆன்டிவைரஸ் ஒன்றும் ஸ்டார்ட்டப்பில் உட்கார்ந்திருந்தன. இந்த கிளீனர் வகையறாவால் யாருக்கும் எதுவும் வேகமானதை நான் பார்த்ததில்லை.

குரோமில் மெமரி சேவரை ஆன் செய்தால் பயன்படுத்தாத டேபைத் தூங்க வைக்கும். உபயோகமானதுதான். ஆனால் பாதி நிரப்பிய விண்ணப்பம் இருக்கும் டேப் தூங்கிவிட்டால் நிரப்பியது போகலாம். தேர்வாணைய சைட், இ-சேவை சைட் இரண்டையும் விலக்குப் பட்டியலில் போட்டுவிடுங்கள். யூடியூப் திணறினால் ஏவி1 என்ற வீடியோ முறை காரணமாக இருக்கலாம். அதைப் பிரிக்கும் தனி ஹார்ட்வேர் 2020-க்கு முந்தைய லேப்டாப்களில் கிடையாது, முழுச் சுமையும் சிபியு தலையில். ஹெச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷன் யூடியூபைப் பழைய முறைக்குத் திருப்பும். 480பி-யில் வகுப்பு நன்றாகவே ஓடியது.

பிரௌசரையும் மாற்றினேன். என் ஓட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கு. மெமரியை அது பிரமாதமாக மிச்சம் பிடிக்கும் என்பதால் இல்லை; அந்தக் கணக்கில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷனின் முழு வடிவம் ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் ஓடுகிறது, அதனால்தான். எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிய குரோமில் அதன் 'லைட்' வடிவம்தான். விளம்பரம் நின்றதும் அந்தச் செய்தி சைட் எடுத்துக்கொண்ட மெமரி பாதிக்கும் கீழே இறங்கியது. விளம்பரக் காசில் அச்சாகும் பத்திரிகையில் எழுதுகிறவன் இதைச் சொல்வது கொஞ்சம் நன்றிகெட்டதனம்தான். பிடித்த சைட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகு நாலு டேபில் நின்றது ஏழெட்டு டேபில் நின்றது. அதற்குமேல் இலவசமாக எதுவும் கிடைக்காது.

அடுத்தது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி. 2.5 அங்குல சாட்டா வகை, 7 மில்லிமீட்டர் தடிமன், 256 ஜிபி அளவு போதும். சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. அதே சின்னத் துண்டுகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கும். பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி வயரைப் பிடுங்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஹார்ட் டிஸ்க்கைத் தாங்கும் தகரச் சட்டத்தை அதிலிருந்து கழற்றி எஸ்எஸ்டியில் மாட்டி, அதே இடத்தில் தள்ளினால் சரியாக உட்காரும். திறந்த கையோடு ஃபேனையும் பார்த்தேன். காற்று வெளியேறும் செம்புத் தகடுகளின் வாயில் தூசும் முடியும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடைத்திருந்தது. இடுக்கியால் முழுசாக வந்தது. பிரஷ் போடும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யலாம், குளோன்ஜில்லா இலவசம். ஆனால் பல வருஷத்துக் குப்பையும் சேர்ந்து வரும். புதிதாக இன்ஸ்டால் செய்வதே மேல் என்பேன்.

பலன்? ஆன் செய்து அரை நிமிஷத்துக்குள் டெஸ்க்டாப். மெமரி இப்போதும் 90 சதவீதத்தைத் தொடுகிறது, பேஜ் ஃபைலுக்கு இப்போதும் போய்வருகிறது. ஆனால் டேப் மாறும்போது ஒரு சிமிட்டல், அவ்வளவுதான். வெளுத்த திரையை அதன்பிறகு பார்க்கவில்லை. எதிர்பார்க்கக் கூடாததும் உண்டு. இரண்டு கோர் நாலு கோர் ஆகிவிடாது. கேமராவோடு கூகுள் மீட், பக்கத்தில் டாக்குமென்ட் என்றால் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. 1080பி வீடியோ வெட்டி வெட்டி ஓடுகிறது. எடிட்டிங் ஆசை இருப்பவர்கள் இதில் காசு போட வேண்டாம்.

ரேமைக் கூட்டலாமே என்பார்கள். பின்மூடிக்குள் காலி ஸ்லாட் இருந்து, பழைய 4 ஜிபி துண்டு யாரிடமாவது இருந்தால் தாராளமாகப் போடலாம். புதிதாக வாங்குவதென்றால் யோசியுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் உலகத்துச் சிப்பையெல்லாம் வாரிக்கொண்டு போவதன் சூடு செஞ்சிக் கடைத்தெரு வரை வந்திருக்கிறது. எஸ்எஸ்டியும் ஏறியிருக்கிறது. இருந்தாலும் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிதான்.

எந்த ஓஎஸ் என்பதில் எனக்கும் அவளுக்கும் சண்டையே வந்தது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நீட்டிப்புக்குப் பதிந்தால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் பட்டியலில் இந்த மெஷின் இல்லை. குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள், 4 ஜிபியில் அது தண்டனை. நான் ஏற்றியது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸைவிட மெமரியை நன்றாகவே மிச்சம் பிடிக்கிறது, 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, தமிழ்99-ம் தட்டலாம். படிப்பதற்கும் விண்ணப்பம் போடுவதற்கும் இது தாராளம். விரல்ரேகைக் கருவியும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது சரிவராது. அந்த டிரைவர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்குத்தான் வருகின்றன. "பிரெண்ட்ஸ் எல்லாம் வேர்டுல அனுப்புறாங்க மாமா" என்றாள். லிப்ரேஆபீஸில் திறந்து காட்டினேன். ஃபான்ட் கொஞ்சம் கலைந்திருந்தது, அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் எஸ்எஸ்டியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

தமிழக அரசின் 2025 பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்த புதிய கருவிகளுக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படாது. அந்த லேப்டாப்கள் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் கொண்டவை. இது பழைய 4 ஜிபி லேப்டாப்பை வைத்துக்கொண்டு பழுதாகிவிட்டது என்று பரண்மேல் போட்டவர்களுக்கு.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் அதன் ஆரோக்கியத்தை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ஒருமுறை பாருங்கள். 05, சி5 என்று தொடங்கும் இரண்டு வரிகளின் வலதுபக்க எண்ணும் பூஜ்யம் என்றால் போட்டோக்களை அதில் வைக்கலாம். சி5-ல் எண் ஏறிக்கொண்டே போனால், இருப்பதை உடனே வேறு இடத்துக்குக் காப்பி செய்துவிட்டு அதைக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள்.