மெக்னீசியக் கலப்புலோக வடிவமைப்பில் இயந்திரக் கற்றல்

மெக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.70, எஃகுக்கு ஏறத்தாழ 7.8. இத்தனை லேசாக இருந்தும் அதைத் தகடாக வளைத்தால் விரிசல் விடுகிறது. காரணம் அதன் அறுகோணப் படிக அமைப்பு. எந்தத் திசையிலும் வடிவம் மாற அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், ஒன்றையொன்று சாராத ஐந்து நழுவல்கள் தேவை. அறை வெப்பநிலையில் எளிதாக இயங்கும் படிக அடித்தளம் தருவதோ இரண்டு மட்டுமே.

சிறிதளவு இட்ரியம் சேர்த்தால் இக்குறை தணிகிறது, ஆனால் அது விலையுயர்ந்த அருமண் தனிமம். மலிவான மாற்றைத் தேடுவோர்முன் உள்ள சேர்மானங்கள் கணக்கற்றவை. ஒவ்வொன்றையும் உருக்கி, வார்த்து, உருட்டி, இழுத்துச் சோதிக்கக் காலம் பிடிக்கும். பழைய சோதனை முடிவுகளிலிருந்து கற்கும் நிரல் இங்கே கைகொடுக்கிறது. அதிலும் காஸியன் செயல்முறை போன்ற முறைகள் கணிப்போடு அதன் ஐயப்பாட்டின் அளவையும் சொல்வதால், அடுத்து எந்த மாதிரியை உருக்குவது என்று தேர்ந்தெடுக்க முடிகிறது. இம்முறையின் மெய்யான பலம் இதுவே.

பலவீனம் தரவில் தொடங்குகிறது. பயிற்சிக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆய்விதழ்களிலிருந்து திரட்டிய சில நூறு வரிசைகள். தோற்றுப்போன கலவைகள் அச்சேறுவது அரிது. ஒரே ஆய்வின் உடன்பிறப்பு மாதிரிகள் பயிற்சியிலும் தேர்விலும் கலந்துவிட்டால் மதிப்பெண் பொய்யாக உயரும். இவற்றைவிடக் கடுமையான குறை, பல அட்டவணைகளில் படிகமணியின் அளவும் அது நோக்கும் திசையும் இல்லாதது. 3 விழுக்காடு அலுமினியமும் 1 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட ஏஇசட்31, வார்ப்பில் ஒரு விதமாகவும் உருட்டிய தகட்டில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். அச்சின் வழியே பிதுக்கிய தண்டை நீளவாக்கில் இழுத்தால் தாங்கும் தகைவைவிட, அதே வாக்கில் அமுக்கினால் வெகு குறைந்த தகைவிலேயே உருமாறத் தொடங்கும். கலவை விகிதத்தை மட்டும் அறிந்த நிரல் இதை எப்படிக் கணிக்கும்?

வழக்கமான ரேண்டம் ஃபாரஸ்ட் முறைக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. அதன் விடை பயிற்சி மதிப்புகளின் சராசரி. பயிற்சியில் கண்ட உச்சத்தை அது ஒருபோதும் தாண்டாது. இதுவரை இல்லாத வலிமையைத் தேடுபவருக்கு இது விசித்திரமான வழிகாட்டி.

2017இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட, 1 விழுக்காடு அலுமினியமும் 0.1 விழுக்காடு கால்சியமும் கொண்ட மெக்னீசியம், வலிமை அட்டவணையிலிருந்து பிறந்ததன்று. இட்ரியம் ஏன் உதவுகிறது என்ற அணுநிலைக் காரணத்தைத் தேடியதிலிருந்து பிறந்தது. இயந்திரக் கற்றலும் இந்த அணுநிலையில்தான் கூடுதலாகப் பயன்படுகிறது. குவாண்டக் கணக்கீடுகளில் பயின்ற நரம்பு வலையமைப்பு, அணுக்களிடையேயான விசையைச் சொல்லித்தருகிறது. மெக்னீசியத்துக்கு அத்தகைய மாதிரி 2020இல் வந்தது. அங்கே வேண்டிய தரவைக் கணினியே உண்டாக்கித் தரும். ஆயினும் உருளையில் தகடு பிளப்பதற்கும் அந்த அணுக்கூட்டத்துக்கும் இடையே அளவில் பல படிகள் உள்ளன. அந்த இடைவெளியை இன்றும் உலைக்களச் சோதனையே நிரப்புகிறது.