வீராணத்து நீரில் யாருக்கு எவ்வளவு?

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டி நீண்டு கிடக்கும் வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. அங்கிருந்து சென்னைக்குச் செல்லும் குழாய், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 74 கன அடி எடுக்கும்படி அமைக்கப்பட்டது. ஆண்டு முழுதும் அந்த அளவில் எடுத்தால் கணக்கு 2,300 மில்லியன் கன அடியைத் தாண்டும். ஏரியை ஒன்றரை முறை நிரப்பும் நீர் அது. இதே ஏரியை நம்பித்தான் சுமார் 45,000 ஏக்கர் ஆயக்கட்டு இருக்கிறது. 2004 முதல் நடந்துவரும் இந்தப் பங்கீடு சரிதானா?

இதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மேட்டூரில் திறந்த காவிரி நீர் கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக ஏரிக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் நிரப்புகிறது. சம்பா தை மாதத்தோடு அறுவடைக்கு வந்துவிடும். அதன்பின் ஏரியில் நிற்கும் நீரை, சித்திரை வைகாசியில் தவிக்கும் நகரத்துக்குக் கொடுப்பது நியாயமான யோசனை. 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, சென்னைக்குக் கைகொடுத்தவற்றுள் வீராணமும் ஒன்று. அதைக் குறைத்துச் சொல்வது நன்றி மறந்த பேச்சு.

சிக்கல் ஆவணியில்தான் தொடங்குகிறது. சென்னையின் ஏரிகள் ஐப்பசி மழைவரை நிரம்புவதில்லை. ஆகவே சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டிய அதே வாரங்களில் நகரத்தின் தாகமும் தணியாமல் இருக்கிறது. மேட்டூர் நல்லபடியாகத் திறந்த ஆண்டில் இரண்டும் ஒத்துப்போகும். திறப்பு தள்ளிப்போனால் ஒருவர் காத்திருக்க வேண்டும், காத்திருப்பவர் விவசாயிதான். குழாய்க்கு மோட்டார் உண்டு, அன்றன்றைய அளவு உண்டு. மதகுக்கோ மேலிருந்து உத்தரவு வர வேண்டும். நகரின் ஏரிகள் நிரம்பினால் குழாயில் எடுப்பு குறைகிறது, வற்றினால் கூடுகிறது. நாற்றின் நிலையைப் பார்த்து அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

மூன்றாவது பங்குதாரர் எந்தக் கணக்கிலும் இல்லை. மீன் தண்ணீரைச் செலவழிப்பதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்தால் போதும். ஆனால் அந்த மிச்சம் கோடை முழுதும் நிற்க வேண்டும். கட்லாவும் ரோகுவும் விற்கும் எடைக்கு வளர ஓர் ஆண்டு பிடிக்கும். அகலமாகவும் ஆழம் குறைவாகவும் உள்ள இந்த ஏரியில் வெயில் ஒருபுறம் உறிஞ்ச, குழாய் மறுபுறம் இழுக்க, தரை தெரிந்துவிடுகிறது. 2024 கோடையில் அப்படித்தான் ஏரி வறண்டது. அப்போது வலையோடு பிழைப்பவருக்குப் போவது ஒரு நாள் வருமானம் மட்டுமில்லை. அடுத்த ஆண்டுக்கான மீனும் சேர்ந்தே போகிறது.

குடிநீருக்கே முதலிடம் என்பார்கள். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நகரக் குழாயில் வருவதெல்லாம் குடிநீர் ஆகாது. கழிப்பறையும் கார் கழுவுவதும் அதில் அடங்கும். மேலும் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் 2010 முதல் அடுத்தடுத்து எழுந்த கடல்நீர் ஆலைகளின் மொத்தக் கொள்ளளவு நாளொன்றுக்கு 35 கோடி லிட்டர், வீராணக் குழாயைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. செலவு அதிகம் என்றாலும் நகரத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஏரியின் மதகை நம்பிய வயலுக்குக் கடல் உதவாது.

பங்கீட்டைக் கைவிடச் சொல்லவில்லை. எழுதி வைக்கச் சொல்கிறேன். ஏரியின் அளவுகோலில் இரண்டு கோடுகள் போதும். நீர் மேல்கோட்டுக்குக் கீழே இறங்கினால் நகரத்தின் எடுப்பு படிப்படியாகக் குறைய வேண்டும். நாற்றங்கால் காலத்தில் வயலுக்கு முன்னுரிமை வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே மதகும் திறக்கக் கூடாது, மோட்டாரும் ஓடக் கூடாது. அது மீனுக்கும் ஏரிக்கும் உரியது. ஆடி பிறக்கும் முன் அரசு விவசாயிகளையும் மீன் பிடிப்போரையும் உட்காரவைத்து அந்தக் கோடுகளை முடிவுசெய்து ஊரறிய அறிவிக்கட்டும். தூர் வாரினால் கோடுகளுக்கு இடையிலான நீரும் கூடும். வறண்ட ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்பது, தட்டுப்பாடு வருமுன்பே பேசி முடிக்க வேண்டிய காரியம்.